ஜெர்மனியில் படிக்கப் போகிறீர்களா? பப்ளிக் இன்ஷூரன்ஸா, பிரைவேட் இன்ஷூரன்ஸா?

ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் அட்மிஷன் கிடைத்து, மாதாமாதம் ஒரு தொகை மட்டுமே எடுக்க விடும் பிளாக்டு அக்கவுண்டில் செலவுக்கான பணமும் போட்டு, விசாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் இந்தக் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம் மாதம் 145 யூரோ வாக்கில் பப்ளிக் இன்ஷூரன்ஸ். இன்னொரு பக்கம் முப்பது, நாற்பது யூரோவுக்கே கிடைக்கும் பிரைவேட் பாலிசி. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், "சின்ன வயசுதானே, என்ன ஆகிடப்போகுது, சீப்பா இருக்கறதை எடு" என்பார் ஒரு அண்ணன். "பிரைவேட்ல ஒருதடவை போனா ஆயுசுக்கும் வெளிய வர முடியாது" என்பார் ஓர் அக்கா. இருவர் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

ஜெர்மனியில் இப்போது வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம்; 2023-24 குளிர்காலப் பருவத்திலேயே 49,000 பேருக்கு மேல். அதனால் இந்தக் கேள்வியும் ஓயாமல் வருகிறது. நாட்டை மட்டும் மாற்றிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாத விஷயம் என்பதால், இந்தக் கட்டுரை முழுக்க ஜெர்மனியைப் பற்றியது மட்டுமே.

முதலில் ஒன்று. இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே அங்கே கிடையாது. பிஸ்மார்க் காலத்தில், 1883-இலேயே சட்டம் போட்டு மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கிய நாடு அது. காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய முடியாது, குடியிருப்பு அனுமதியும் கிடைக்காது. எதை எடுப்பது என்பது மட்டும்தான் உங்கள் கையில்.

## எதை வைத்து முடிவு செய்வது?

பெரும்பாலானவர்கள் மாதத் தவணையை மட்டும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது இந்த வரிசையில்:

1. உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் அது கிடைக்குமா?
2. இப்போது எடுக்கும் முடிவைப் பிறகு மாற்ற முடியுமா?
3. ஏற்கெனவே இருக்கும் நோய், பல், மனநலம், பிரசவம் ஆகியவற்றுக்குச் செல்லுமா?
4. டாக்டரிடம் போனால் பணம் கட்டப்போவது யார், நீங்களா கம்பெனியா?
5. படிப்பு முடிந்து வேலை தேடும் மாதங்களில் என்ன ஆகும்?
6. மாதம் எவ்வளவு?

விலையைக் கடைசியில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். முதல் இரண்டு கேள்விகளிலேயே பாதிப் பேருக்கு விடை வந்துவிடும்.

## பப்ளிக்: டிகே, ஏஓகே, பார்மர், டாக் போன்ற கம்பெனிகள்

யாருக்குக் கிடைக்கும்: 30 வயதுக்குள் இருந்து, பட்டப்படிப்பிலோ முதுகலையிலோ முறையாகப் பெயர் பதிந்திருந்தால் மாணவர் கட்டணத்தில் கிடைக்கும். படிக்கும்போது 30 முடிந்தால் அந்த செமஸ்டர் இறுதிவரை செல்லும். முன்பு 14 செமஸ்டர்தான் என்று ஒரு வரம்பு இருந்தது. 2020 ஜனவரியோடு அதை எடுத்துவிட்டார்கள். பழைய பதிவுகளில் அதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

விலை: அரசு மாணவர் உதவித்தொகைக்கு வைத்திருக்கும் மாதம் 855 யூரோ என்ற தொகையின் மேல்தான் கணக்கு. அதில் 10.22 சதவீதம் அடிப்படைக் கட்டணம், 87 யூரோ சொச்சம். அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் போடும் கூடுதல் கட்டணம். அதற்கும் மேல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. இது 23 வயதைத் தாண்டி குழந்தை இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். எல்லாம் சேர்ந்து 140-லிருந்து 150 யூரோ வாக்கில் வரும். நீங்கள் பார்ட் டைம் வேலையில் எவ்வளவு சம்பாதித்தாலும், வாரம் 20 மணி நேரத்துக்குள் இருக்கும்வரை இந்தத் தொகை மாறாது.

பிளாக்டு அக்கவுண்டில் மாதம் எடுக்க முடிவது 992 யூரோ. அதில் ஏழில் ஒரு பங்கு இதற்கே போகிறது. வாடகையும் கட்டிவிட்டுப் பார்த்தால் கை கடிக்கத்தான் செய்யும். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கிடைப்பது: ஒரு கார்டு. டாக்டரிடம் போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மெஷினில் செருகினால் போதும், பில் உங்கள் கண்ணுக்கே வராது. மருந்துச் சீட்டும் 2024 முதல் எலெக்ட்ரானிக் ஆகிவிட்டதால், மருந்துக்கடையில் அதே கார்டைக் காட்டினால் மருந்து கைக்கு வரும். ஊரில் இருக்கும்போதே ஆஸ்துமாவோ, தைராய்டோ, சர்க்கரையோ இருந்தாலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள், முதல் நாளிலிருந்தே சிகிச்சைக்கும் பணம் கொடுப்பார்கள். பிரசவச் செலவு முழுக்க அவர்களுடையது. சைக்கோதெரபியும் உண்டு. வருமானம் இல்லாத கணவரோ மனைவியோ, குழந்தைகளோ உடன் வந்தால் அதே தவணையிலேயே அவர்களும் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். கல்யாணம் ஆனவர்கள் இந்த ஒரு வரிக்காகவே பப்ளிக் பக்கம் போகலாம்.

மறைந்திருக்கும் செலவு: மருந்துக்கு விலையில் 10 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும், குறைந்தது 5, அதிகபட்சம் 10 யூரோ. மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, வருடத்துக்கு 28 நாள் வரை. கண்ணாடிக்கு அநேகமாக ஒன்றும் கிடைக்காது. பல் அடைப்பது, பிடுங்குவது எல்லாம் சரி; கேப், பாலம் கட்டுவது என்றால் நிலையான சிகிச்சைக்கான விலையில் 60 சதவீதம்தான் அவர்கள் பங்கு. நம் பிள்ளைகள் கண்ணாடியையும் பல் வேலையையும் லீவுக்கு ஊருக்கு வரும்போது முடித்துக்கொள்வது இதனால்தான்.

லீவு என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். மதுரைக்கு வந்த இடத்தில் டெங்கு வந்து படுத்தால், ஜெர்மன் கார்டு அங்கே செல்லாது. ஐரோப்பாவுக்கு வெளியே, ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்கு அது கிடையாது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. தனியாக வருடாந்திரப் பயணக் காப்பீடு விலை குறைவாகவே கிடைக்கும். ஆனால் சொந்த நாட்டை விலக்கி வைக்கும் பாலிசிகளும் உண்டு, அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பணம் தவிர இன்னொரு செலவு, நேரம். தோல் டாக்டர், மனநல மருத்துவர் போன்றவர்களிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். பிரைவேட் நோயாளிக்கு அதே கிளினிக்கில் சீக்கிரம் கிடைப்பது ஊரறிந்த குறை. 116117 என்ற எண்ணில் கூப்பிட்டால் ஸ்பெஷலிஸ்ட் தேதி வாங்கித்தர உதவுவார்கள்; இரவிலும் வார இறுதியிலும் டாக்டர் தேவைப்பட்டாலும் அதே எண்தான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 112.

பப்ளிக்கில் எந்தக் கம்பெனி என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சைகளில் பெரும்பகுதியைச் சட்டமே முடிவு செய்கிறது. வித்தியாசம் கூடுதல் கட்டணத்திலும், ஆங்கிலத்தில் பேசும் ஆட்கள் இருக்கிறார்களா என்பதிலும்தான். பிடிக்கவில்லையென்றால் 12 மாதம் கழித்து வேறு பப்ளிக் கம்பெனிக்கு மாறலாம்.

## மலிவு பிரைவேட்: மாவிஸ்டா, கேர் கான்செப்ட், எஜுகேர் 24 வகை

இதை ஜெர்மனிக்கு வருகிறவர்களுக்கான பயணக் காப்பீடு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பெயரில் "ஸ்டூடண்ட்", "காலேஜ்" என்று இருந்தாலும் உள்ளே அமைப்பு அதுதான்.

யாருக்குக் கிடைக்கும்: ஏறக்குறைய எல்லோருக்கும். மொழி வகுப்புக்கு வருகிறவர், ஸ்டூடியன்கோலெக் என்கிற ஆயத்த வகுப்பில் இருப்பவர், 30 வயதைத் தாண்டியவர், இவர்களுக்கெல்லாம் பப்ளிக் மாணவர் கட்டணம் கிடையாது. அவர்களுக்கு முதல் வழியே இதுதான்.

விலை: மாதம் 30 யூரோ வாக்கில் தொடங்கும். வயது, வருடம், பாலிசி வகையைப் பொறுத்து ஏறும். பப்ளிக்கோடு ஒப்பிட்டால் மாதம் நூறு யூரோ மிச்சம். இரண்டு வருட முதுகலைக்கு 2,400 யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தொட்டு நிற்கும் காலத்தில் இரண்டரை லட்சம் ரூபாய்க்குப் பக்கம். கல்விக் கடனில் போகிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

மறைந்திருக்கும் செலவு: இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். பாலிசி தொடங்கும் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது, அவசரத்துக்கு மட்டும் கொஞ்சம் கொடுப்பார்கள். "எனக்கு ஒரு நோயும் இல்லையே" என்பீர்கள். இரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறீர்களா? மாதவிடாய்ப் பிரச்சினைக்கு எப்போதாவது ஸ்கேன் எடுத்தீர்களா? வளர முயன்று வலிக்கும் ஞானப்பல்லை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டு வந்தீர்களா? பெரிய பில் வரும்போது கம்பெனி உங்கள் பழைய மருத்துவ வரலாற்றைக் கேட்கலாம். பல்லுக்கு வருடாந்திர வரம்பு, பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம், மனநலத்துக்குப் பல பாலிசிகளில் ஒன்றுமே இல்லை அல்லது மிகச் சொற்பம்.

அப்புறம் கைப்பணம். டாக்டர் உங்களிடம் நேராக பில் அனுப்புவார், நீங்கள் கட்டிவிட்டுக் கம்பெனியிடம் திரும்பக் கேட்க வேண்டும். பெரிய மருத்துவமனைச் செலவைக் கம்பெனியே நேராகக் கட்டுவது உண்டு. ஆனால் கிளினிக், லேப், மருந்துக்கடை எல்லாம் உங்கள் கையிலிருந்து முதலில் போகும். பிரைவேட் நோயாளிக்கு டாக்டர் அரசு விலைப்பட்டியலில் இருப்பதைப்போல் 2.3 மடங்கு போடுவது சாதாரணம். சில மலிவு பாலிசிகள் அதற்குக் குறைவான மடங்குவரைதான் திருப்பித் தரும், மீதி உங்கள் தலையில்.

இந்தப் பாலிசிகளுக்குக் கால வரம்பும் உண்டு, பெரும்பாலும் ஐந்து வருடம். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது, "இது பப்ளிக்குக்கு ஈடான காப்பீடு இல்லை" என்று சொல்லி வேறு கேட்கும் அலுவலகங்களும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் மாறும் விஷயம் இது. நீங்கள் போகும் ஊரில் ஏற்கெனவே அனுமதியைப் புதுப்பித்த சீனியரிடம் கேட்பதுதான் வழி.

## முழு பிரைவேட்

ஜெர்மன்காரர்களே எடுக்கும் முழுமையான பிரைவேட் காப்பீடும் மாணவர்களுக்கு உண்டு. சேரும் முன் உடல்நலக் கேள்விகள் கேட்பார்கள். நோய் இருந்தால் அதிகம் வசூலிப்பார்கள், மறுக்கவும் செய்யலாம். சேர்ந்தபின் வசதி நன்றாகவே இருக்கும், அப்பாயின்ட்மென்டும் சீக்கிரம் கிடைக்கும், குடியிருப்பு அலுவலகமும் கேள்வி கேட்காது. ஆனால் விலையும் பப்ளிக்கோடு போட்டி போடும் அளவுக்கு வந்துவிடும். 30 வயதுக்குள் இருக்கும் ஒரு தமிழ்நாட்டு மாணவர் இதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 30 தாண்டி, நீண்ட படிப்புக்கு வருகிறவர் மட்டும் விலை கேட்டுப் பார்க்கலாம்.

## இந்தியாவில் வாங்கிய பாலிசி

இதை நம்பி நான்கு செமஸ்டர் படித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பல்கலைக்கழகப் பதிவுக்கு இது பொதுவாகச் செல்லாது. ஆனால் வேறொரு இடத்தில் பயன்படும். பப்ளிக் காப்பீடு செமஸ்டர் தொடக்கத்தையும் பெயர் பதிவையும் ஒட்டித்தான் உயிர்பெறும். பல்கலைக்கழகத்தில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1, கோடைப் பருவம் ஏப்ரல் 1. நீங்கள் செப்டம்பர் நடுவில் இறங்கினால் இடையில் இரண்டு வாரம் காப்பீடில்லாமல் இருக்கும். அந்த இடைவெளிக்கும், விசாவுக்கும் ஒரு பயணக் காப்பீடு வேண்டும். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா போன்ற பிளாக்டு அக்கவுண்ட் கம்பெனிகள் பப்ளிக் இன்ஷூரன்ஸையும் இந்தப் பயணக் காப்பீட்டையும் ஒரே பொட்டலமாகத் தருகின்றன. வசதிதான்.

## ஒரே பார்வையில்

| | பப்ளிக் | மலிவு பிரைவேட் | முழு பிரைவேட் |
|---|---|---|---|
| வயது | 30 வரை | தடை அநேகமாக இல்லை | தடை இல்லை, ஆனால் விலை ஏறும் |
| மொழி வகுப்பு, ஆயத்த வகுப்பு | கிடையாது | கிடைக்கும் | கம்பெனியைப் பொறுத்தது |
| மாதச் செலவு | 140–150 யூரோ வாக்கில் | 30 யூரோ வாக்கில் தொடக்கம் | பப்ளிக்குக்குப் பக்கம் அல்லது மேல் |
| பழைய நோய் | முதல் நாளிலிருந்து உண்டு | அவசரத்துக்கு மட்டும் | கேள்வி கேட்டு முடிவு செய்வார்கள் |
| டாக்டர் பில் | கார்டு போதும் | கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும் | கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும் |
| கணவர், மனைவி, குழந்தை | வருமானம் இல்லையென்றால் இலவசம் | ஆளுக்குத் தனித் தவணை | ஆளுக்குத் தனித் தவணை |
| படிப்பின் நடுவே மாறுவது | வேறு பப்ளிக்குக்கு மாறலாம் | பப்ளிக்குக்கு வர முடியாது | பப்ளிக்குக்கு வர முடியாது |

## கடைசி வரிசையைப் பற்றிக் கொஞ்சம்

30 வயதுக்குள் இருப்பவர் பிரைவேட் எடுக்க வேண்டுமென்றால், ஏதாவது ஒரு பப்ளிக் கம்பெனியிடம் போய் "எனக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கு கொடுங்கள்" என்று எழுதி வாங்க வேண்டும். பெஃப்ரையுங் என்பார்கள். படிப்பு தொடங்கி மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். கேட்டு வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. இரண்டாம் செமஸ்டரில் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டாலும் "சரி, பப்ளிக்குக்கு மாறிக்கொள்கிறேன்" என்று சொல்ல வழியில்லை. ஏஜென்ட் நீட்டும் காகிதக் கட்டில் இதுவும் ஒன்றாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் நிறுத்திக் கேளுங்கள்.

நூறு யூரோ மிச்சத்தை நான் இதனோடு சேர்த்துத்தான் பார்ப்பேன். அடுத்த இரண்டு, மூன்று வருடத்தில் உடம்புக்கு என்ன வரும் என்று இருபத்து மூன்று வயதில் யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே மாற்ற முடியாத முடிவை எடுக்கச் சொல்கிறது அந்த 35 யூரோ பாலிசி. வீட்டில் அவசரத்துக்கு ஐந்து லட்சம் புரட்ட முடியும் என்றால் அது ஒரு கணக்கு. கடனில் போகிறவருக்கு ஒரு அறுவை சிகிச்சை மறுக்கப்பட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும். பணம் குறைவாக இருப்பவர்கள்தான் மலிவு பாலிசியைத் தேடுகிறார்கள், ஆனால் அதன் ஆபத்தைத் தாங்க முடியாதவர்களும் அவர்கள்தான்.

"ஆயுசுக்கும் வெளியே வர முடியாது" என்பது மட்டும் மிகை. படிப்பு முடிந்து முழுநேர வேலை கிடைத்தால், ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை சட்டமே உங்களைப் பப்ளிக்கில் சேர்த்துவிடும். 2026-க்கு அந்த வரம்பு 77,400 யூரோ. புதிதாக வேலைக்குச் சேரும் பெரும்பாலானவர்கள் அதற்குக் கீழேதான். சிக்கல் இடைப்பட்ட மாதங்களில். படிப்பு முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம் வரை அனுமதி கிடைக்கும். பப்ளிக்கில் இருந்தவர் அங்கேயே தொடரலாம், ஆனால் மாணவர் கட்டணம் போய் மாதம் 250 யூரோவுக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். பலரும் எதிர்பார்க்காத அடி இது, இதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். பிரைவேட்டில் இருந்தவர் வேலை கிடைக்கும்வரை பிரைவேட்டிலேயே இருக்க வேண்டும். செலவு குறைவு, ஆனால் குடியிருப்பு அலுவலகம் அந்தப் பாலிசியை ஏற்குமா என்பது மறுபடி முளைக்கும்.

## யாருக்கு எது?

30 வயதுக்குள், முழுப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்: பப்ளிக். தினசரி மாத்திரை, குடும்பம், மனநலச் சிகிச்சை இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு செமஸ்டர் பரிமாற்ற மாணவராக வருகிறவர், நல்ல உடல்நலத்தோடு இருந்தால் மலிவு பிரைவேட் நியாயமான தேர்வு. ஆறு மாதத்துக்கு மாற்ற முடியாத முடிவு என்பது பெரிய பாரம் இல்லை. மொழி வகுப்பிலும் ஆயத்த வகுப்பிலும் இருப்பவர்கள் அதுவரை பிரைவேட், பிறகு பல்கலைக்கழகத்தில் பெயர் பதியும்போது பப்ளிக். இந்த மாற்றத்துக்குத் தடை இல்லை, ஏனென்றால் விலக்கு வாங்கும் பேச்சே இன்னும் வரவில்லை. பிரைவேட் பாலிசியை நீண்ட காலத்துக்குக் கட்டிவிடாமல், நடுவில் நிறுத்த முடிகிற மாதிரி எடுங்கள்.

30 தாண்டியவர்களுக்கு, இந்தியாவிலிருந்து நேராக வருகிறார்கள் என்றால், பப்ளிக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். மலிவு பாலிசிகளில் மிகக் குறைந்ததை விட்டு அடுத்த படியை எடுங்கள். பல் வரம்பு, டாக்டர் கட்டண மடங்கு, பழைய நோய் பற்றிய பத்தி மூன்றையும் படித்துவிட்டு. பிஎச்டிக்குப் போகிறவர்கள் தங்கள் நிலையைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் வேலை ஒப்பந்தம் இருந்தால் ஊழியராகவே பப்ளிக்கில் சேர்ந்துவிடுவீர்கள், தவணையில் பாதியை முதலாளி கட்டுவார். டாட் (DAAD) என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகை வாங்கியவர்களுக்குக் காப்பீட்டுக்கான உதவியும் அதிலேயே வரும்.

மனநலம் பற்றி ஒரு வார்த்தை, எந்தக் காப்பீடு எடுத்தவருக்கும். செமஸ்டர் கட்டணத்தில் ஒரு பகுதி மாணவர் நல அமைப்பான ஸ்டூடியரெண்டன்வெர்க்குக்குப் போகிறது. பல ஊர்களில் அவர்கள் உளவியல் ஆலோசனை தருகிறார்கள், பெரும்பாலும் இலவசமாக. குளிர்காலத்தில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும் நவம்பரில், தெரபிஸ்ட் தேதிக்குக் காத்திருக்கும்போது முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

போகும் முன் செய்ய வேண்டியது மூன்றுதான். பப்ளிக் என்று முடிவு செய்தால் ஊரில் இருந்தபடியே ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அவர்களே எலெக்ட்ரானிக்காகத் தகவல் அனுப்பிவிடுவார்கள். பல் டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் ஒருமுறை போய் வாருங்கள். தினசரி மாத்திரை இருந்தால், ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் சீட்டோடு முதல் சில வாரங்களுக்கான இருப்பைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அங்கே போனதும் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் பொது மருத்துவர் யார் என்று, காய்ச்சல் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையன்று உடம்பு முடியாமல் போனால் டாக்டர் சான்றிதழ் அவரிடம்தான் வாங்க வேண்டியிருக்கும்.